கணக்கில் வராத செருப்பு

அந்தக் குகையைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. வந்த அன்றே திரும்புகிறவர்களுக்கு மஞ்சள் பட்டை, விடுதியில் தங்குகிறவர்களுக்கு நீலம், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பச்சை. வாயாடியின் அம்மா வாசலில் நின்று மணிக்கட்டில் கட்டிவிடுவாள். வெளியே வரும்போது கழற்றி வாங்கிக்கொள்வாள். கொடுத்த பட்டையெல்லாம் திரும்பி வந்துவிட்டால் இரும்புக் கதவைப் பூட்டிவிடலாம்.

வாயாடி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, ஊரே சேர்ந்து வைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கேள்வி கேட்டே குடைந்தெடுப்பாள்.

அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை வலுத்தால் குகைக்குள் தண்ணீர் ஏறிவிடும். மேலாளர் குடையும் சாவியுமாக ஓடி வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார். மூணு நிறமும் சரியா இருக்கு," என்றாள் அம்மா.

மேலாளர் கதவைப் பூட்டினார்.

அப்போதுதான் கதவோரம் கிடந்த ரப்பர் செருப்பு வாயாடியின் கண்ணில் பட்டது. ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. குகையைப் பெருக்கும் அக்காவின் செருப்பு. உள்ளே வழுக்கும் என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள்.

"அம்மா, அக்கா இன்னும் வரல."

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. பெருக்குகிறவள் சுற்றுலாப் பயணி இல்லையே. அவளுக்கு எந்த நிறமும் கிடையாது. இத்தனை வருஷத்தில் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"கணக்குதான் சரியா இருக்கே. செருப்ப மறந்துட்டு வீட்டுக்குப் போயிருப்பா," என்றார் மேலாளர்.

"வழி முழுக்க கூர் கூரா ஜல்லி கிடக்கு சார். நீங்க ஷூவக் கழட்டிட்டு கொஞ்ச தூரம் நடந்து பாருங்களேன்," என்றாள் வாயாடி.

மேலாளர் ஜல்லியைப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்தார்.

அவரும் அம்மாவும் டார்ச்சோடு உள்ளே போனார்கள். வாயாடி செருப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே தண்ணீர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாறை இடுக்கில் கால் சிக்கி முறிந்திருந்தது. கழுத்துவரை நனைந்திருந்தாள்.

"கத்திக் கத்தி தொண்டையே போச்சு," என்றாள் அக்கா மெதுவாக. "கதவு சாத்துற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

அவள் அழவில்லை. அதுதான் வாயாடிக்கு இன்னும் பயமாக இருந்தது.

கால் கூடி, நொண்டிக்கொண்டே அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, அம்மா அவளுக்குக் கட்ட ஒரு மஞ்சள் பட்டையை எடுத்தாள்.

"அது கூடாதும்மா," என்றார் மேலாளர். "மேலிடத்துல பயணிங்க கணக்கு மட்டும்தான் கேக்கறாங்க. கூட ஒண்ணு வந்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

வாயாடி வாதாடவில்லை. ஒரு பக்கப் பின்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவி, பூட்டு மாட்டும் வளையத்தில் கட்டினாள்.

"இதுக்கு உங்க கணக்குல இடம் வேண்டாம் சார். அக்கா வெளிய வந்து அவிழ்க்கிற வரைக்கும் பூட்டாதீங்க, அது போதும்."

மேலாளர் ரிப்பனைப் பார்த்தார், அக்காவின் காலைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அக்கா செருப்பைக் கழற்றி வைத்தாள். "தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கிறியே, பேய் மாதிரி."

"நீங்க வந்து பின்னி விடுங்க."

சாயங்காலம் கடைசிப் பயணியும் போன பிறகு, அக்கா வெளியே வந்து ரிப்பனை அவிழ்த்தாள். வாயாடி திரும்பி உட்கார்ந்து தலையைக் காட்டினாள்.