அஞ்சம்மாளின் முறை

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்டை முடித்துவிட்டு எட்வர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அவன் மனைவி மெர்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய இதய வால்வு ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப்போயிருந்தது.

"காய்ச்சல் எறங்கினாத்தான் செய்வாங்களாம். இப்பவே மூச்சு வாங்குதுங்க. அதுவரைக்கும் தாங்குவனா?"

அவள் நெற்றி கொதித்தது. "ஒண்ணும் ஆவாது. ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கேன்," என்றான்.

பார்வையாளர் நேரம் முடிந்து அவன் போனதும் வார்டு அடங்கியது. மற்ற கட்டில்கள் காலி. ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகை அந்தி வெளிச்சத்தில் துருநிறமாகத் தொங்கியது. பினாயில் நெடியைத் தாண்டி, நெடுநாள் படுக்கையில் கிடந்த உடம்பின் புளித்த வியர்வை வாடை மெல்ல வந்தது.

பக்கத்துக் கட்டில் கிரீச்சிட்டது.

"ஏம்மா... என் பேரக் கூப்ட்டாங்களா?"

மெர்சி திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

மருந்தோடு வந்த நர்ஸ் கல்பனாவிடம் சொன்னபோது, அவள் முகம் வெளுத்தது.

"உங்களுக்கும் கேட்டுச்சா? அஞ்சம்மாள்னு ஒருத்தங்க, அந்தக் கட்டில்லதான் இருந்தாங்க. இதே ஆபரேஷன்தான். சர்க்கரை கொறையலன்னு தள்ளிக்கினே போச்சு. கதவு தொறந்தா போதும், தன்னத்தான் கூப்புடுறாங்கன்னு எழுந்து உக்காருவாங்க. ஒருநாள் சாயங்காலம் உக்காந்தபடியே போய்ட்டாங்க. அவங்க துணிமணிய வாங்கிக்கினு போகக்கூட யாரும் வரல." குரலைத் தாழ்த்தினாள். "வேற வார்டுக்கு மாத்தச் சொல்லட்டுமா?"

மெர்சி அந்தக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சிஸ்டர்."

மறுநாள் அந்தியிலும் அதே கிரீச். அதே கேள்வி. இந்த முறை மெர்சி பதில் சொன்னாள்.

"இன்னும் இல்லக்கா. என்னியும் கூப்புடல."

நெடிய பெருமூச்சு ஒன்று கேட்டது. அதன்பிறகு ஒவ்வொரு அந்தியிலும் இருவரும் சேர்ந்தே காத்திருந்தார்கள்.

காய்ச்சல் இறங்கிய ஒரு காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. எட்வர்ட் மனைவியின் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தான். வார்டு வாசலில் வண்டி சட்டென்று நின்றது. தள்ளியவர் முட்டித் தள்ளினார். அசையவில்லை.

பின்னாலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

"எனக்கு?"

அது எட்வர்டுக்கும் கேட்டது. மெர்சியின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நீயும் வாக்கா," என்று கிசுகிசுத்தாள். "தனியா எதுக்குக் கெடக்குற?"

சக்கரங்கள் உருண்டன.

பிற்பகலில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு சார். ஆனா உங்க சொந்தக்காரம்மாவ வெளிய வரச் சொல்லுங்க. உள்ள யாரும் உக்காரக் கூடாது."

எட்வர்ட் கண்ணாடி வழியே பார்த்தான். மெர்சி அயர்ந்து தூங்கினாள். பக்கத்தில் யாருமே இல்லை.

மெத்தையின் ஓரம் மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது.