பதினாறு ஜோடி ஷூ

காலை மணி 10.15.

தடுப்பூசி போட அழைத்துப்போக வந்த தாயிடம், காப்பகத்து ஆயாவால் மூன்று வயதுக் குழந்தையைக் காட்ட முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் குழந்தை இருந்தாள். அறையில் இல்லை, கழிப்பறையில் இல்லை, தொட்டிலுக்கு அடியிலும் இல்லை.

10.22. மூட்டைக்காரி பிடிபட்டாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் மூன்று வருடமாகப் படுத்துக்கிடப்பவள். தனக்குத்தானே பேசுவாள். பெயரை யாரும் கேட்டதில்லை. அவள் கையில் அந்தக் குழந்தையின் ஒற்றைச் சிவப்பு ஷூ இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகத் தெருவே சொன்னது. விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டு ஆளுக்கு ஒன்று வைத்தார்கள்.

10.31. இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் சேறு அப்பியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். துடைக்கும்படி கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

"முதல்ல கட்ட அவுத்துவிடுங்க."

"மேடம், பிள்ளை பிடிக்கிறவ மேடம்!" கையில் செருப்போடு நின்ற ஒருவர் கத்தினார்.

"இதுவரைக்கும் எத்தனை பிள்ளையப் பிடிச்சிருக்கா?"

அவர் ஓரடி பின்வாங்கினார். செருப்பை மட்டும் கீழே போடவில்லை.

மூட்டைக்காரியின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "பாப்பா தூங்குது. எழுப்புங்க. எழுப்புங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா? மயக்க மருந்து குடுத்துட்டா!" என்றது கூட்டம். தாய் அப்படியே தரையில் சரிந்தாள்.

10.34. காப்பக வாசலில் ஆயா.

"பாப்பா உள்ள வந்தத நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம? எல்லாப் பிள்ளைங்களும் வேன்லதான் வரும். மொத்தம் பதினேழு. ஒரு பையனுக்கு நேத்து காய்ச்சல், அவங்கம்மா தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு அவன் வரல. மிச்சம் பதினாறு பேரும் வந்தாச்சு."

"எப்படி எண்ணுவீங்க?"

ஆயா தயங்கினாள். "பிள்ளைங்க ஒரு இடத்துல நிக்குமா மேடம்? வாசல்ல கழட்டுற ஷூவ எண்ணுவேன். பதினாறு ஜோடி சரியா இருந்துச்சு."

"இவள எப்பப் பாத்தீங்க?"

"பத்து மணிக்கு. அந்த ஷூவ ஆட்டிக்கிட்டு கேட்ட உலுக்கினா. ஒரு வாளித் தண்ணிய ஊத்தி விரட்டினேன்."

அடுத்து வேன் டிரைவர்.

"ஒம்பது நாப்பதுக்கு எல்லாரையும் இறக்கிட்டேன் மேடம். பின்னாடி காலி மனையில வேன நிறுத்திட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா இவ வேனப் போட்டுத் தட்டிக்கிட்டிருக்கா. குச்சிய எடுத்தேன், ஓடிட்டா."

"எதுக்குத் தட்டினான்னு கேட்டீங்களா?"

"கிறுக்குதானே மேடம். கேட்டா மட்டும் புரியவா போகுது?"

இன்ஸ்பெக்டர் ஷூ அலமாரி முன் குனிந்தார். எண்ணினார். இப்போதும் பதினாறு ஜோடி, ஒன்றுகூடக் குறையவில்லை. விடியற்காலையில் குழாய் உடைந்து வாசலெல்லாம் சேறு. பதினைந்து ஜோடியின் அடியில் அந்தச் சேறு இருந்தது. ஒரு நீல ஜோடி மட்டும் சுத்தம்.

மூட்டைக்காரியிடமிருந்து வாங்கி வைத்திருந்த சிவப்பு ஷூவைத் திருப்பினார். பக்கவாட்டில் ஒரு பொட்டுச் சேறு. அடியில் துளியும் இல்லை.

"வேன் சாவி!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

10.39. காலி மனையில் முழு வெயில். வேனின் ஒரு ஜன்னல் மட்டும் இரண்டு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. கடைசி சீட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் குழந்தை சுருண்டு கிடந்தாள். ஒரு காலில் சிவப்பு ஷூ, இன்னொன்றில் வெறும் சாக்ஸ். உடம்பு கொதித்தது. மூச்சு இருந்தது. அந்த ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் சேற்றுக் கைத்தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

11.20. ஆஸ்பத்திரியிலிருந்து தாய் போனில் பேசினாள். குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "பாப்பாவ யாரும் தூக்கிட்டுப் போகல. அவ உள்ளயே வரல. நீல ஷூ காய்ச்சல்காரப் பையனோடது. தூக்கிட்டுப் போன அவசரத்துல விட்டுட்டுப் போனது. அதையும் சேத்து எண்ணினதுல பதினஞ்சு பதினாறாச்சு. பாப்பா நடந்து வந்திருந்தா ஷூவோட அடியில சேறு இருந்திருக்கணும். தூங்கினபடியே வேன்ல இருந்திருக்கா. மத்தப் பிள்ளைங்க இறங்குறப்போ காலு பட்டு ஒத்த ஷூ வெளிய விழுந்திருக்கு. அதக் குடுக்கப் போனவதான் ஜன்னல் வழியா பாத்திருக்கா."

டிரைவரைப் பார்த்தார். "கடைசி சீட்டத் திரும்பிப் பாக்காதது நீங்க." ஆயாவைப் பார்த்தார். "தலைய எண்ணாம ஷூவ எண்ணினது நீங்க. ரெண்டு பேர்கிட்டயும் இவ வந்து சொன்னா. ரெண்டு பேரும் விரட்டினீங்க."

செருப்புக்காரர் முனகினார். "இருந்தாலும் மேடம், இந்த மாதிரி ஆளுங்கள எங்கயாவது அடைச்சு வைக்கணும். எப்ப என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"இன்னிக்கு என்ன செஞ்சான்னு தெரிஞ்சுதில்ல? நீங்க என்ன செஞ்சீங்கன்னும் தெரியும். ஸ்டேஷனுக்கு வாங்க."

ஜீப்பருகில் கான்ஸ்டபிள் அப்போதுதான் ஈரத்துணியோடு கண்ணாடியை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"துடைக்காதீங்க!"

இன்ஸ்பெக்டர் அருகில் போய்ப் பார்த்தார். சேற்றில் ஐந்து விரல்கள். அவருக்கு நினைவு வந்தது: மணி 10.05, தெருமுனை. ஓடும் ஜீப்பை நிறுத்தி யாரோ தட்டினார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போகலாம் என்று சொன்னார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இவள விரட்டின மூணாவது ஆள் நான்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் போய் மண்டியிட்டார். தன் கைக்குட்டையை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

"என்கிட்டயும் வந்தீங்க. நான் கேக்கல. மன்னிச்சிடுங்கக்கா. உங்க பேரு என்னக்கா?"

அவள் பெயரைச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"பாப்பா முழிச்சுதா?"

"முழிச்சுட்டா."

மூட்டைக்காரி தன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் வீங்கியிருந்தன. அதன் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.