ஏற்றத்தில் அணைந்த மீட்டர்

கணவாய்க்குப் பாதி ஏற்றத்தில் மீட்டர் செத்தது.

வேகம் காட்டும் எண் இல்லை. பெட்ரோல் அளவு இல்லை. எந்த கியரில் இருக்கிறோம் என்று சொல்லும் எழுத்தும் இல்லை. சரன்துயா பிரேக்கை மெல்ல அழுத்தி, காரைச் சாலையோரப் பனியில் நிறுத்தினாள். பழைய ஹைபிரிட் கார் நின்றுவிட்டால் மூச்சு விடாது. உயிரோடு இருக்கிறதா என்பதைத் திரைதான் சொல்ல வேண்டும். திரை கறுப்பாகக் கிடந்தது.

டயாலிசிஸுக்காக மலைக்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்கு அவள் அடிக்கடி அழைத்துப் போகும் சிறுநீரக நோயாளி ஓச்சிர், பின் இருக்கையில் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இப்பத்தானே சரி பண்ணின?"

"பண்ணினேன் மாமா. சரி பண்ணினவன் என்ன பண்ணினான்னுதான் தெரியல."

போன வாரமும் இப்படித்தான். அளவு தெரியாமல் ஓட்டிப் போய், உச்சியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுக்கும்வரை அந்தக் குளிரில் இருவரும் பல் கிட்டிக்கக் காத்திருந்தார்கள். அதை நினைத்துக்கொண்டே அவள் காதால் வேகத்தை அளந்து மருத்துவமனை போய்ச் சேர்ந்தாள்.

அன்று மாலையே அவள் கணவன் தாம்தின் காவல் நிலையத்துக்குப் போனான். மீட்டரைச் சரி செய்த லுவ்சான், கார் சந்தையில் மின்வேலை பார்ப்பவன், சரன்துயாவின் காரிலிருந்த நல்ல மீட்டரை எடுத்து விற்றுவிட்டு, குப்பையிலிருந்து ஒன்றைப் பொறுக்கி மாட்டிவிட்டான் என்று புகார் எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் காலை துணை ஆய்வாளர் உயங்கா, லுவ்சானின் கடைக் கதவில் காகித முத்திரை ஒட்டினாள். சந்தைத் தலைவர் அவளிடம் பேச்சை வளர்க்கவில்லை. திருட்டு வழக்கு பதிவானால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போகும். நாளை மாலைக்குள் முடிவு தெரிய வேண்டும் என்றார்.

லுவ்சான் பூட்டிய கதவுக்கு வெளியே கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு நின்றான்.

"மீட்டரைப் பிரிச்சியா?"

"பிரிச்சேன் மேடம்."

"என்ன எடுத்த?"

"ரெண்டு கெப்பாசிட்டர். வயசாகிச் செத்துப்போனது. இந்த மாடல்ல எல்லாத்துக்கும் வர்ற நோய்தான். புதுசு வச்சு சாலிடர் பண்ணினேன்."

"பின்ன ஏன் அணையுது?"

"தெரியல. அதான் மேடம் வெட்கமா இருக்கு."

அந்தப் பதில் உயங்காவுக்குப் பிடித்தது. திருடனிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

பகல் முழுவதும் காரைச் சந்தை வாசலில் ஓடவிட்டார்கள். மீட்டர் ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை. டயர் கடைக்காரர்கள் சுற்றி நின்று, மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி அடக்கமாக இருக்கிறதே என்று கேலி செய்தார்கள். தாம்தின் மட்டும் சிரிக்கவில்லை. மாற்றி வைத்தவனுக்கு அதை நடிக்க வைக்கவும் தெரியும் என்றான்.

உயங்கா காரின் கதவோரத்தைப் பார்த்தாள். இலையுதிர் காலத்தில் ஆயில் மாற்றியபோது ஒட்டிய சீட்டில், அன்றுவரை ஓடிய தூரம் எழுதியிருந்தது. மீட்டரில் இருந்த எண் அதிலிருந்து சீராகத் தொடர்ந்தது. இந்தக் காரில் ஓடிய தூரம் மீட்டருக்குள்ளேதான் பதிவாகிறது. வேறு மீட்டரை மாட்டினால் வேறு காரின் தூரம் வந்து நிற்கும். மீட்டர் மாறவில்லை.

தாம்தின் விடவில்லை. "உள்ள இருந்த சாமானை மாத்தியிருப்பான்."

உயங்கா அவனுக்குப் பதில் சொல்லாமல் சரன்துயாவைத் தனியே அழைத்தாள். ரிப்பேருக்கு முன்னால் எப்படி அணைந்தது என்று கேட்டாள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே இருட்டாக இருக்கும், வண்டி சூடானதும் வந்துவிடும் என்றாள் அவள். ரிப்பேருக்குப் பிறகு? ஸ்டார்ட் செய்யும்போது பளிச்சென்று இருக்கிறது, ஏற்றத்தில்தான் போகிறது.

"திரும்பி வரும்போது?"

சரன்துயா யோசித்தாள். "வரும்போது ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல அக்கா."

"அதே கணவாய்தானே?"

"அதே கணவாய்தான்."

காருக்குள் லேசான புளித்த வாடை வந்தது. ஓச்சிர் மாமா உலர்தயிர்க் கட்டி தின்றுகொண்டே வருவார் என்று சரன்துயா தலைகுனிந்தாள். முன் கண்ணாடி மட்டும் புதிதாக இருப்பதையும் உயங்கா கவனித்தாள். கல் பட்டு உடைந்ததால் இலையுதிர் காலக் கடைசியில் தலைநகரில் மாற்றியது என்றாள் அவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உயங்கா தாம்தின் வீட்டு வாசலில் நின்றாள். தன் புகாரை நம்பித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, தாம்தின் அவளுக்கு உப்புத் தேநீர் கொடுத்தான். பிறகு பானெட்டின் மேலிருந்த கம்பளியை உருவினான். டயர்களைக் காலால் தட்டினான். மனைவியின் ஃபிளாஸ்கை நிரப்பினான். ஒன்பது குழி வெட்டிய மரக்கரண்டியில் பாலை மொண்டு, பயணம் நல்லபடி முடிய வேண்டுமென்று வண்டியின் நெற்றியில், முன் கண்ணாடியில் படும்படி மூன்று முறை வீசினான். பின்பார்க்கும் கண்ணாடியில் கட்டிய நீலப் பட்டுத் துணியைத் தொட்டுக் கும்பிட்டான். மெல்லப் போ என்று மனைவியிடம் இரண்டு முறை சொன்னான்.

உயங்கா முன்னால் ஏறிக்கொண்டாள். போகும் வழியில் ஓச்சிரை ஏற்றினார்கள். அன்று மட்டும் தயிர்க் கட்டி வேண்டாமென்று அவரிடம் கேட்டுக்கொண்டாள். மீட்டர் எரிந்தது. ஊர் எல்லை தாண்டியதும் சரன்துயா ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி முழுதாக வைத்தாள். கண்ணாடியின் கீழ் விளிம்பில் உறைந்திருந்த வெண்கோடுகள் மெல்ல இளகின. தயிர் இல்லாமலே புளித்த வாடை எழுந்தது.

பாதி ஏற்றத்தில் திரை இருண்டது.

"நிறுத்தாத. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு நான் வேகம் சொல்றேன், நீ ஓட்டு" என்றாள் உயங்கா. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மாலையில் சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. தலைவர் வந்தார். தாம்தின் கைகட்டி நின்றான். உயங்கா சொன்னபடி லுவ்சான் டாஷ்போர்டின் மேல்மூடியைக் கழற்றி மீட்டரை வெளியே எடுத்தான். அதன் முதுகில் ஒயர்கள் நுழையும் கனெக்டரைத் திருப்பிக் காட்டினான். பித்தளைப் பற்களுக்கு நடுவே மஞ்சள் கலந்த வெள்ளைப் பொருக்கு. அவன் முகர்ந்து பார்த்து நிமிர்ந்தான்.

"பால்."

உயங்கா சொல்லிக்கொண்டே போனாள். இந்தக் காருக்கு இரண்டு நோய். ஸ்டார்ட் பண்ணும்போதே இருட்டிப்போனது கெப்பாசிட்டர் நோய். அதை லுவ்சான் தீர்த்துவிட்டான். ஏற்றத்தில் அணைவது வேறு. புதுக் கண்ணாடியை ஒட்டியவன் பசையில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறான். அந்த இடைவெளிக்கு நேர் கீழே மீட்டர். காலையில் வீசும் பால் விளிம்பில் உறைந்து நிற்கும். ஹீட்டர் சூட்டில் உருகிச் சொட்டும். நனைந்தால் அணையும், காய்ந்தால் எரியும்.

"திரும்பி வரும்போது ஏன் அணையல? மருத்துவமனை வாசல்ல பால் தெளிச்சு வழியனுப்ப ஆள் இல்ல."

எல்லாக் கண்களும் தாம்தின் பக்கம் திரும்பின. அவன் முகம் வெளுத்துவிட்டது. முன்பெல்லாம் சக்கரத்தில்தான் தெளிப்பேன் என்று மெல்லச் சொன்னான். பெட்ரோல் தீர்ந்து அவள் குளிரில் கிடந்த நாளுக்குப் பிறகுதான் நெற்றியில் வீச ஆரம்பித்தானாம். மீட்டர் அணைய அணைய அவன் பாலைக் கூட்டினான்.

தலைவர் வாயைத் திறக்குமுன் சரன்துயா குறுக்கிட்டாள். "அப்போ பெட்ரோல் தீர்ந்த அன்னிக்கி ஏன் அணைஞ்சது?"

"அது லுவ்சான்கிட்ட வர்றதுக்கு முன்னால. பழைய நோய். அன்னிக்கி அது சூடாகியும் எழுந்திருக்கல, அவ்வளவுதான்" என்றாள் உயங்கா.

லுவ்சான் கனெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாம்தின் அவன் அருகே போய் நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

"தம்பி, இனிமே தெளிக்கவே கூடாதா?"

லுவ்சான் தலை நிமிராமலே சொன்னான். "தெளிங்கண்ணே. இடைவெளிய நான் அடைச்சிடுறேன். ஆனா வண்டி கிளம்பின பிறகு பின்னால தெளிங்க. முன்னால போறவளுக்குத்தானே அது, போய்ச் சேர்ந்துடும்."

உயங்கா கடைக் கதவைக் காட்டினாள். தாம்தின் கையுறையைக் கழற்றி, குளிரில் விறைத்த நகத்தால் முத்திரையை ஓரத்திலிருந்து உரிக்கத் தொடங்கினான். பசை காய்ந்திருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. கடைசித் துண்டு வரும்வரை யாரும் அவனுக்கு உதவவில்லை, அவனும் கேட்கவில்லை.

அடுத்த முறை ஓச்சிரை அழைத்துப் போகும் காலையில் வண்டி வாசலைத் தாண்டியது. தாம்தின் மரக்கரண்டியுடன் பின்னாலேயே தெரு முனைவரை ஓடினான். கணவாய் உச்சியில் சரன்துயா, வழிப்போக்கர்கள் நின்று கும்பிடும் கற்குவியல் அருகே வண்டியை நிறுத்தி, போனில் ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். படத்தில் அவள் இல்லை, மலை இல்லை. பச்சையாக எரியும் எண்கள் மட்டும் இருந்தன.