கண்ணை மூடினால் இருட்டு

தையல்காரரின் மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அம்மா இறந்த பிறகு அவள் எந்த வாலுத்தனமும் செய்யவில்லை. பெயர் மட்டும் மிச்சம் இருந்தது.

தினமும் மாலையில் அப்பா தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு, "கண்ணை மூடுங்க. அம்மா வருவாங்க" என்பார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பது மூடிய கண்ணுக்குள் அவருக்குத் தெரியும். சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழுவதுகூடத் தெரிகிறது என்பான் அண்ணன். வாலுவும் தலையாட்டி வைப்பாள்.

அத்தனையும் பொய். அவளுக்குத் தெரிந்தது இருட்டுதான். சுவரில் மாட்டிய படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை மூடினாலும் இருட்டுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பூனையைக்கூடப் பார்த்ததில்லை. மற்றவர்களால் முடியும் என்பதே இப்போதுதான் தெரிந்தது. எல்லோரிடமும் வருகிற அம்மா தன்னிடம் மட்டும் ஏன் வரவில்லை? தனக்குத்தான் பாசமில்லை போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஒருநாள் அப்பா தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தார். அண்ணன் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். அது அம்மா செய்துவந்த வேலை. வாலுவுக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணா, எனக்கு அம்மா தெரியறதே இல்ல. வெறும் இருட்டுதான் வருது."

"அதுக்குள்ள மறந்துட்டியா?" என்றான் அண்ணன்.

வாலு அழுதுகொண்டே கேட்டாள், "உன்கிட்ட வர்ற அம்மா என்ன சொல்றாங்க?"

அண்ணன் கண்ணை மூடிப் பார்த்தான். வெகுநேரம் திறக்கவில்லை.

"வாய் அசையுது. குரல் வரல. எப்படிப் பேசுவாங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல, வாலு."

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குள் அம்மா ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பல் தேய்க்கச் சொல்வாள், செருப்பை இடம் மாற்றிப் போட்டால் அதட்டுவாள். எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்து, வாலு அதை ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனைத் தைத்து முடித்தான். நூலை அறுக்க வாய்க்குக் கொண்டுபோனான். உடனே வாலுவுக்குள் அம்மா அதட்டினாள். அந்தக் குரலை, அந்த இழுப்பை அப்படியே பிடித்து அவள் சொன்னாள்.

"பெரியவனே, நூலைப் பல்லால கடிக்காத. கத்திரி என்ன, ஊருக்குப் போயிருக்கா?"

அண்ணன் கையிலிருந்து சட்டை நழுவியது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சொன்னாள்.

"இப்ப பேசறாங்க" என்றான்.

வாலுவும் கண்ணை மூடிப் பார்த்தாள். அதே இருட்டுதான். ஆனால் அண்ணன் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா திரும்பி வருவதற்குள் அம்மா அவனை ஆசை தீரத் திட்டி முடித்திருந்தாள்.