காளான் சுரங்கத்தில் பேசி முடித்த சம்பந்தம்

செம்பள்ளக் குடியிருப்பில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், கதவு அவருடைய நல எண்ணை உரக்கச் சொல்லும். தோலுக்கடியில் பதித்த உணர்மணி ரத்தத்தையும் நாடியையும் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று கதவுக்கு அனுப்பிவிடும். செவ்வாய் கிரகத்துக்குக் குடிவந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டதால் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளரான சகாயமேரிக்குத் தொண்ணூற்றேழு. அவள் கணவர் சூசைநாதனுக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தைப் பாதி தின்றிருந்தது.

மகள் ரெஜினாவைப் பெண் பார்க்க வரும் நாளன்று அவர் புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, சகாயமேரி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னிக்கு மட்டும் எங்கயாவது போயிட்டு வந்துடுங்களேன்."

"அப்பா எங்கன்னு கேட்டா?"

"வேலையா போயிருக்கார்னு சொல்லிக்கிறேன்."

அவர் சட்டையைக் கழற்றி, மடித்து வைத்தார். "சரி மேரி. காளான் சுரங்கத்துக்குப் போறேன். அங்க ஈரத்துல கதவெல்லாம் ஊமை."

மாப்பிள்ளையும் அவன் தாய் அமலோற்பவமும் வந்தார்கள். கதவு இருவருக்கும் தொண்ணூறுக்கு மேல் சொன்னது. "எங்க வீட்டுக்காரருக்கு அவசர வேலை" என்றாள் அமலோற்பவம். "இவருக்கும் வேலைதான்" என்றாள் சகாயமேரி. என்ன வேலை என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

தேநீர்த் தட்டை மேசையில் வைத்த ரெஜினா நிமிர்ந்தாள். "அப்பாவுக்கு ஒரு வேலையும் இல்ல. காளான் சுரங்கத்துல இருக்கார். அவர் வராம நான் உட்கார மாட்டேன்."

சொன்னவள் விறுவிறுவென வெளியேறினாள். சகாயமேரி பதறிப் பின்னால் ஓடினாள். சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளுத்த அமலோற்பவமும் மகனை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

சுரங்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. காளான் தட்டுகளுக்கிடையே நாற்பது பேராவது இருப்பார்கள். குடியிருப்புத் தலைவரின் தாய், பள்ளி ஆசிரியையின் கைநடுங்கும் அண்ணன், 'பூமிக்குப் போயிருக்கிறாள்' என்று எல்லோரும் நம்பியிருந்த பக்கத்து வீட்டுப் பெண். கிரகத்திலேயே ஆரோக்கியமான குடியிருப்பு என்று ஆண்டுதோறும் விருது வாங்கும் செம்பள்ளத்தின் மிச்சம் முழுக்க அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து எதையெல்லாம் கொண்டுவரக்கூடாது என்று முன்னோர்கள் நீண்ட பட்டியலே போட்டிருந்தார்கள். விசேஷ நாளில் நோயாளியைக் கண்ணில் படாமல் வைக்கும் வழக்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

சூசைநாதனுக்கு எதிரே, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு இருந்தவர் அமலோற்பவத்தைப் பார்த்துக் கையசைத்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி," என்றார் அவர் சகாயமேரியிடம். "நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. நீங்க அங்க எதுவரைக்கும் வந்தீங்க?"

ரெஜினா சிரித்துவிட்டாள். சகாயமேரியால் தலை நிமிர முடியவில்லை. சூசைநாதன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"மேரி, என்ன இப்படி மூச்சு வாங்குது? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

இந்தக் கேள்வியை அவரிடம் தான் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, அவருடைய வீங்கிய கால்களைத் தயங்கித் தயங்கித் தொட்டாள்.

"வலிக்குதாங்க?" என்றாள்.