கழுகுக்குக் கிடைத்த முகம்

மழை... அப்படியொரு மழை! வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த 1873 செப்டம்பரில், நியூயார்க்கில் யாரும் நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வால் ஸ்ட்ரீட் முழுக்க, போட்ட பணம் போச்சே என்ற ஓலம்தான்.

வங்கியில் வேலை பார்த்த அப்பாவுக்குக் குடை கொடுக்க ஓடிவந்த லவீனியா, விளக்குக் கம்பத்தடியில் படம் வரைந்துகொண்டிருந்த ஒருவன்மீது மோதினாள். அவன் பென்சில் சேற்றில் விழுந்தது.

"கண்ண வீட்லயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"நடுவழியில நட்டு வச்ச மாதிரி நின்னா மோதாம என்ன செய்வாங்களாம்?"

திட்ட வாயெடுத்தவன் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மழைத்துளி கோத்த இமைகள்... அதற்குள்ளே சிரிக்கும் பழுப்புக் கண்கள்... லவீனியா குடையைச் சற்று உயர்த்திப் பிடித்தாள்.

"குடையில இன்னொருத்தருக்கு இடம் இருக்கும் போலயே?"

"ஏன், நனைஞ்சா கரைஞ்சுடுவீங்களோ?"

"நான் கரையமாட்டேன்... என் படம் கரைஞ்சுடும்."

பெயர் ஆம்ப்ரோஸ். அவள் அச்சுக்காக மரக்கட்டையில் படம் செதுக்கும் அதே வாரப் பத்திரிகைக்குப் புதிதாக வந்த கேலிச்சித்திரக்காரன். சிரித்துப் பேசியபடி அவனைப் பத்திரிகை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அங்கே போன பிறகுதான் அப்பா நினைவு வந்தது.

அப்பா ஜோசயா அந்த வங்கியில் வெறும் குமாஸ்தா. முதலாளி பின்வாசல் வழியாக நழுவிவிட, வங்கி மூடியாயிற்று என்ற அறிவிப்பைப் படியில் நின்று படிக்க அவரை நிறுத்தியிருந்தார்கள். அன்று வேலையைத் தொலைத்துவிட்டு, காய்ச்சலோடு வீடு வந்தார். இனி அவள் சம்பளத்தில்தான் இருவருக்கும் ரொட்டி.

மறுநாள் காலை செதுக்கும் அறையில் ஆம்ப்ரோஸின் படம் காத்திருந்தது. பெரிய படம் என்றால் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். செதுக்கி முடித்ததும் திருகாணி முடுக்கிச் சேர்ப்பார்கள். முகம் உள்ள துண்டு எப்போதும் லவீனியாவுக்குத்தான் வரும். ஏழைகளின் எலும்பைக் கொத்தும், மனித முகம் கொண்ட கழுகு... மரத்தில் இடம் வலம் மாறி வரைந்திருந்ததால் முதலில் யாரோ அந்நியன் போலிருந்தது. பிறகு கன்னத்து மச்சம் தெரிந்தது. உளியைக் கீழே வைத்தாள்.

ஆம்ப்ரோஸ் உற்சாகமாக வந்து நின்றான். "எப்படி நம்ம கழுகு?"

"யாரு இவரு?"

"வங்கி முதலாளி! படியில நின்னு படிச்சாரே, பாக்கலையா நீங்க?"

"எந்த முதலாளி மழையில நின்னு படிப்பாரு? அவரு குமாஸ்தா... எங்கப்பா."

அவன் முகம் வெளிறிவிட்டது. பத்திரிகை ஆசிரியரிடம் ஓடினான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"மாத்த முடியாதாம்... முதலாளி மூஞ்சி ஊருல யாருக்குத் தெரியும், இவரத்தான் எல்லாரும் பாத்தாங்கங்கறாரு. நீங்க இதத் தொடாதீங்க லவீனியா."

"நான் தொடலேன்னா அடுத்த மேசைக்குப் போகும். எனக்கு வேலையும் போகும். நீங்க தைரியமா வரைஞ்சீங்கல்ல? நகருங்க."

செதுக்கினாள். அப்பாவின் ஒவ்வொரு சுருக்கமும் அவளுக்குத் தெரியுமே... அதனால் அந்த முகம் அச்சு அசலாக வந்தது. அதை நினைத்து நினைத்து அழுதாள்.

பத்திரிகை வந்த மறுநாளே ஜோசயாவைத் தெருவில் கல்லால் அடித்தார்கள். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார்கள். அவர் வெளியே போவதை விட்டுவிட்டார்.

ஞாயிறு மதியம் ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர்கள் வீட்டுக்கு வந்தான். வேலையை விட்டுவிட்டிருந்தான்.

"அந்தப் படத்த வரைஞ்சது நான்தாங்கய்யா. தப்புப் பண்ணிட்டேன்."

ஜோசயா படுக்கையிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "உனக்கு என்னைத் தெரியாது தம்பி. தெரியாம வரைஞ்சுட்ட, போகட்டும்... ஆனா செதுக்கினது என்னை நல்லாத் தெரிஞ்ச கை. யாரு அது?"

"அந்தத் துண்டு யாருகிட்ட போச்சுன்னு... எனக்குத் தெரியாதுங்க."

லவீனியாவுக்காகப் பொய் சொல்கிறான்! சும்மா இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். அப்பாவின் கண்களைப் பார்த்தாள்... முடியவில்லை.

"நான்தாம்ப்பா."

ஜோசயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாடிப்படியில் ஆம்ப்ரோஸ் திரும்பி நின்றான். "ஏன் சொன்னீங்க? உங்களுக்காகத்தானே பொய் சொன்னேன்... உங்கமேல உயிரையே வச்சிருக்கேன் லவீனியா."

"தெரியும்... நீங்க அந்தப் பொய்யச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ உங்களுக்கு?"

"முதல் நாளே... குடைக்குள்ள நீங்க வந்தப்பவே..." கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "அவர் முகத்தச் செதுக்கின இந்தக் கைய அப்பா இனிமே தொடுவாரான்னு தெரியல. நீங்க பிடிச்சா, நான் அவர மறந்துட்டு சந்தோஷமா இருந்துடுவேன்... அதனால, தயவுசெஞ்சு இனிமே வராதீங்க."