ஸ்கூட்டர் இல்லை, சவம் உண்டு

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவன் செத்துக் கிடந்தான்.

ஸ்கூட்டர் ஷோரூமின் பின்பக்க குடோன். சிமென்ட் தரையில் மேனேஜர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஹெல்மெட்... வண்டி வாங்கினால் இலவசமாகத் தருவது. வாங்காமலே மேனேஜருக்குக் கிடைத்துவிட்டது.

மேனேஜரின் சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருந்த போனை இன்ஸ்பெக்டர் உருவிப் பார்த்தார்.

திரையில் இன்ஸ்பெக்டரின் சொந்த மனைவியின் நம்பர்!

சட்டென்று அமுக்கினார். ஏட்டு யாரென்று கேட்டதற்கு, எவனோ கஸ்டமர் என்றார். கழுத்தெல்லாம் வேர்த்தது.

வேர்க்காதா பின்னே? இந்த ஸ்கூட்டருக்கு ஊரே பேயாய் அலைந்தது. கம்பெனி லாரி வருவதே அபூர்வம். வந்தாலும் ஒன்றோ இரண்டோ இறங்கும். படித்தவன், படிக்காதவன், பென்ஷன் வாங்குபவன் எல்லாரும் மாதக்கணக்காய் வரிசையில் நின்று பல்லிளித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நிற்கவில்லை. மேனேஜரின் தோளில் கை போட்டு, அடுத்த வண்டி என் வீட்டுக்கு என்று சிரித்தார். அவ்வளவுதான். போலீஸ்காரன் சிரித்தால் யாருக்கும் புரியும்.

நேற்று ஒரே ஒரு வண்டி இறங்கியது. இன்று டெலிவரி. மனைவி காலையிலேயே தயார்.

அந்த வண்டியைக் காணவில்லை!

குறுக்கு வழியில் போனது வெளியே தெரிந்தால் மானம் போகும். வண்டி கிடைக்காவிட்டால் வீட்டில் நிம்மதி போகும். இன்ஸ்பெக்டருக்கு இரண்டாவதுதான் பெரிய பயம்.

ஷட்டருக்கு வெளியே வரிசை அப்படியே இருந்தது. உள்ளே பிணம் கிடக்கிறது, போய்த் தொலையுங்கள் என்று ஏட்டு கத்திப் பார்த்தார். ஒருத்தன் நகரவில்லை. இடத்தைக் காலி பண்ணவைக்கும் தந்திரம் என்று நினைத்தார்கள்.

"செத்தது மேனேஜர்தானே? பில் போடுறவர் நல்லா இருக்காரில்ல?" என்று முதலில் நின்ற வழுக்கைத்தலையர் அக்கறையாக விசாரித்தார்.

பில் போடுபவன் அழுதுகொண்டிருந்தான். ஷோரூமில் எல்லாரும் அவனை 'டை' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்து டையைத் தூங்கும்போதும் கழற்றமாட்டானாம். காலையில் கடை திறக்க வந்தானாம். பின்கதவு உடைந்திருந்ததாம். வரிசையில் நிற்கும் எவனோதான் கொன்றுவிட்டு வண்டியோடு ஓடியிருக்கவேண்டுமாம்.

"நேத்துகூட ஒருத்தன் மிரட்டினான் சார். ஸ்கூட்டருக்காக உசுரையே எடுப்பானுங்க."

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். டையில் படாமல்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ரத்தத்தின் மேல் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. திறந்திருந்தது. காலி. நுனியைப் பிடித்துத் தூக்கினார். அடிப்பக்கம் மட்டும் சிவப்பு.

"இது என்ன?"

"சைடு மிரர் வர்ற பெட்டி சார். ஃபேக்டரியிலேர்ந்து வண்டி மொட்டையாத்தான் வரும். மிரரைத் தனியா அனுப்புவாங்க."

"யாரு மாட்டுவா?"

"மெக்கானிக் ஒருத்தன் இருந்தான். வண்டியே வராதப்ப இவன் எதுக்குன்னு மேனேஜர் அனுப்பிட்டார். இப்ப எல்லாம் நான்தான்."

"உனக்கு அந்த வேலை வருமா?"

டைக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

"என்ன சார் பெரிய வேலை... பேட்டரி வயரை மாட்டணும், பெட்ரோல் ஊத்தணும், மிரரை முறுக்கணும். வாசலைத் தாண்டுற வண்டின்னா கை தானா..."

நிறுத்திக்கொண்டான்.

கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம்!

ஏட்டு இன்னும் விழித்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"பெட்டி ரத்தத்துக்கு மேல கிடக்குய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "அடிச்சுப் போட்டதுக்கு அப்புறம்தான் பிரிச்சிருக்கான். வெளியாள் திருடன் பொணத்துப் பக்கத்துல உக்காந்து மிரர் மாட்டுவானா? கிளம்பினா போதும்னு பறந்திருப்பான். மொட்டையா அனுப்ப மனசு வராத மகராசன் இங்க ஒருத்தன்தான்."

டை அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

எல்லாம் மாமனாரால் வந்த வினை. ஸ்கூட்டர் கடைக்காரன் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்தால், பெண்டாட்டிக்கு ஒரு ஸ்கூட்டருக்கு வக்கில்லையே என்று சபையில் வைத்துக் கேட்டாராம். மனைவியும் பெட்டியோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்று வந்த வண்டியை இவனுக்குத்தான் தருவதாய் மேனேஜர் சொல்லியிருந்தார். காலையில் வந்து கேட்டபோது சிரித்தாராம். இவன் கையில் ஹெல்மெட் இருந்தது. அடித்தான். வண்டியைப் பின்சந்து வழியாக ஓட்டிப்போய் மாமனார் வாசலில் நிறுத்தினான். திரும்பி வந்து பின்கதவை உடைத்துவிட்டு, கூச்சல் போட்டான்.

"வேற யாருக்கோ குடுத்துட்டாராம் சார். வரிசையிலேயே நிக்காத ஆளாம். பெரிய எடமாம்." டை தலையை நிமிர்த்தினான். "அந்த நாய் மட்டும் நடுவுல நுழையாம இருந்தா மேனேஜர் உசுரோட இருப்பார் சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்த நாய் சார் அது?" என்றார் ஏட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி.

"அது கேசுக்குத் தேவையில்லை. நீ போய் வண்டியைத் தூக்கிட்டு வா."

ஸ்ட்ரெச்சர் வெளியே போனது. வரிசை வழிவிட்டு, உடனே மூடிக்கொண்டது. விலங்கு மாட்டிய டை வந்தபோது மட்டும் வழுக்கைத்தலையர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தார்.

"சார், இவரும் தனக்கு ஒண்ணு சொல்லி வெச்சிருப்பாரே... அது இப்ப எனக்குத்தானே?"

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அந்த மேனேஜர் போனை எடுக்கவே மாட்டேங்குறாரு. நம்ம வண்டி இன்னிக்கு வந்துடும்ல?"

"வந்துடும். ஸ்டேஷன் வாசல்ல, கேஸ்ல புடிச்சுத் துருவேறிக் கிடக்குற வண்டிங்க பக்கத்துல நிக்கும்."

"அங்க எதுக்கு? நான் எப்ப ஓட்டுறது?"

"கேஸ் முடியட்டும்டி. நமக்குப் பேத்தி பொறந்து, அவ லைசென்ஸ் எடுக்குறதுக்குள்ள குடுத்துடுவாங்க!"